பனி வண்டி போன தடம்

1979 ஜனவரி நடுவில் சிகாகோ நகரத்தில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. புத்தாண்டை ஒட்டி விழுந்த பனியே கரையாமல் கிடந்த தெருக்களில் இன்னும் ஒன்றரை அடிக்கு மேல் சேர்ந்தது. கார்கள் புதைந்தன, குப்பை அள்ளும் வண்டி வரவில்லை. மேம்பாலத்தில் ஓடும் நகர ரயில்கள் தாமதத்தைச் சமாளிக்கக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமல் கடந்தன. மறு மாதம் நடந்த உட்கட்சி வேட்பாளர் தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக், ஜேன் பர்னிடம் தோற்றார். பல பத்தாண்டுகளாக நகரத்தைக் கையில் வைத்திருந்த ஒரு கட்சி அமைப்பின் ஆளைப் பனி வீழ்த்தியது என்று சிகாகோக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பனியைப் பற்றிய கோபத்தில் பனியைவிடப் பாரபட்சத்துக்குத்தான் பங்கு அதிகம். பனி அள்ளும் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் வந்தது, எந்தத் தெருவுக்கு வரவே இல்லை, கவுன்சிலர் குடியிருக்கும் தெரு மட்டும் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்ற சந்தேகம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த ஊரில் எழும். அதை நிரூபிக்கவோ மறுக்கவோ சாதாரண மனிதரிடம் எந்தக் கருவியும் இருந்ததில்லை.

2012 ஜனவரியில் மாநகராட்சி ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தது. பனி வண்டிகளில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் தகவலைக் கொண்டு, இந்த நிமிடம் எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று அது வரைபடத்தில் காட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் முடங்கியிருப்பவருக்கு வேண்டிய தகவல் அது இல்லை. வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்பது மேற்பார்வையாளரின் கேள்வி. என் தெருவை வழித்துவிட்டார்களா, காரை எடுக்கலாமா என்பது குடியிருப்பவரின் கேள்வி. ஓப்பன் சிட்டி என்ற பெயரில் கூடியிருந்த சில தன்னார்வ நிரலாளர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மாநகராட்சிப் பக்கம் காட்டிவிட்டு மறந்துவிடும் இருப்பிடங்களை அவர்களுடைய நிரல் தொடர்ந்து சேமித்தது. அந்தப் புள்ளிகளைச் சேர்த்துத் தெருவரைபடத்தின் மேல் கோடுகளாக வரைந்தது. எந்தத் தெருவில் வண்டி போயிற்று, எப்போது போயிற்று என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கிளியர்ஸ்ட்ரீட்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வண்டி அந்தத் தெருவைக் கடந்தது என்பதைத்தான் அது சொல்லும்; கடந்தபோது முன்னால் இருக்கும் இரும்புத் தகடு கீழே இறங்கியிருந்ததா என்று சொல்லாது. அந்தக் குறை இருந்தும், 33 ஆண்டுகளாக வெறும் சந்தேகமாக இருந்த ஒன்றைப் பற்றி முதல் முறையாக ஆதாரத்துடன் பேச முடிந்தது.

உள்ளூர் மக்களுக்காகச் சம்பளமில்லாமல் இணையக் கருவிகள் செய்யும் நிரலாளர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் அவர்களுடைய புத்திசாலித்தனத்தையும் நல்ல மனதையும் பாராட்டி முடிந்துவிடும். இரண்டும் உண்மைதான், ஆனால் விஷயம் அங்கே இல்லை. கிளியர்ஸ்ட்ரீட்ஸ் போன்ற ஒன்றில் நிரல் எழுதுவது மிகச் சிறிய வேலை. அது சாத்தியமானதற்குக் காரணம், மாநகராட்சி தன் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் வெளியே வைத்தது. அதற்குப் பயன் இருந்ததற்குக் காரணம், தெரு வழிக்கப்படவில்லை என்றால் பதில் சொல்லவேண்டிய ஒரு துறையும், அந்தத் துறைக்கு மேலே தேர்தலுக்கு அஞ்சும் ஒரு மேயரும் இருந்தது. ஒரு பக்கம் பதிவேடு, மறுபக்கம் கடமைப்பட்ட அலுவலர். இரண்டும் இருந்தால் நடுவில் வரும் நிரல் சுமாராக இருந்தாலும் ஊருக்கு உதவும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எவ்வளவு நேர்த்தியான நிரலும் விளையாட்டுப் பொருளாகிவிடும். இந்தத் துறையில் இதுவரை வென்றவற்றையும் விழுந்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

சிகாகோவை எடுத்துக்கொள்ள ஒரு காரணம், இந்த வகை வேலை அங்கே ஒரு நாள் திருவிழாவாக இல்லாமல் வாராந்தர வழக்கமாக நிலைபெற்றது. 2012-இல் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. சை ஹேக் நைட் என்று பெயர். அலுவலகம் முடிந்து வரும் நிரலாளர்கள், வடிவமைப்பாளர்கள், பத்திரிகையாளர்கள், மாநகராட்சி ஊழியர்கள், வேலை தேடும் மாணவர்கள் எனக் கலவையான கூட்டம். முதலில் யாராவது ஒருவர் ஒரு பொதுப் பிரச்சினையைப் பற்றிப் பேசுவார். பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து அவரவர் எடுத்த வேலையைத் தொடர்வார்கள். நிரல் தெரியாதவர்களும் உட்கார்ந்து படிவங்களைப் படிப்பார்கள், தரவில் உள்ள பிழைகளைத் திருத்துவார்கள், எந்தத் துறையில் யாரைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று சொல்வார்கள். கடைசியில் சொன்ன உதவிக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். செய்த நிரல்கள் எல்லாம் ஓப்பன் சோர்ஸ் முறையில், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் ஊருக்கு மாற்றிக்கொள்ளும்படி, கிட்ஹப் போன்ற பொதுத்தளங்களில் வைக்கப்படும். நகரமன்றத் தீர்மானங்களைத் தேடிப் படிக்க உதவும் கவுன்சில்மேட்டிக் பிலடெல்பியாவில் பிறந்து, சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போனது இப்படித்தான்.

பதிவேடு வெளியே வருவது என்றால் என்ன என்பதைச் சற்று விளக்கவேண்டும், ஏனென்றால் அரசு இணையதளங்களில் கிடைக்கும் பெரும்பாலான ஆவணங்கள் வெளியே வந்தும் வராத நிலையில் இருப்பவை. சிகாகோவில் தெருக்கூட்டும் வண்டி வரும் நாளில் காரைத் தெருவோரம் நிறுத்தியிருந்தால் அபராதம். எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்ற அட்டவணையை மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிடத்தான் செய்தது. ஆனால் அது வார்டு வாரியான பிடிஎஃப் கோப்புகளாக இருந்தது. மனிதர் உட்கார்ந்து, தன் வார்டைத் தேடி, வரைபடத்தில் தன் தெருவைக் கண்டுபிடித்து, நாட்களைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். கணினியால் அதைப் படித்து ஆயிரம் பேருக்கு நினைவூட்ட முடியாது. ஒரு தன்னார்வலர் அந்த அட்டவணைகளைத் தரவாக்கி, முகவரியைக் கொடுத்தால் முந்தின நாளே தகவல் அனுப்பும் ஸ்வீப்அரவுண்ட் என்ற தளத்தைச் செய்தார். அவர் செய்ததில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. அலுவலகம் தன் வசதிக்காக அடுக்கிவைத்திருந்த தகவலைக் குடியிருப்பவரின் கேள்விக்கு ஏற்ப வேறு மாதிரி அடுக்கினார், அவ்வளவுதான். அட்டவணை பிடிஎஃபாக இல்லாமல் ஒரு எளிய எக்செல் பட்டியலாகவும், வார்டு எல்லைகள் வரைபடக் கோப்பாகவும் முதலிலேயே கிடைத்திருந்தால் அந்த வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும். கிடைக்காதபோது, தன்னார்வலரின் நேரத்தில் பெரும்பகுதி, தகவலைத் தாளிலிருந்து சுரண்டி எடுப்பதிலேயே போய்விடுகிறது.

மறுபக்கத்தில் இருக்கவேண்டிய அலுவலரைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று ஒன்று அதே ஊரில் உண்டு. உணவகத்தில் சாப்பிட்டு வயிறு கெட்டவர்களில் மாநகராட்சிக்குப் புகார் கொடுப்பவர் மிகக் குறைவு. ஆனால் ட்விட்டரில் புலம்பியவர்கள் ஏராளம். 2013-இல் ஸ்மார்ட் சிகாகோ என்ற அமைப்பும் நகரப் பொதுச் சுகாதாரத் துறையும் தன்னார்வ நிரலாளர்களின் துணையோடு ஃபுட்போர்ன் சிகாகோ என்ற திட்டத்தைத் தொடங்கின. சிகாகோ வட்டாரத்தில் கெட்ட உணவால் நோய்ப்பட்டதாகச் சொல்லும் ட்வீட்டுகளை ஒரு நிரல் பொறுக்கி எடுக்கும். அதில் உண்மையான புலம்பல் எது, கேலி எது, செய்தித் தலைப்பு எது என்று மனிதர்கள் பார்த்துப் பிரிப்பார்கள். அவர்கள் பிரிப்பதைப் பார்த்து நிரலும் கற்றுக்கொள்ளும். உண்மையாகத் தோன்றுபவருக்கு, எங்கே எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் ஒரு படிவத்தின் இணைப்பைப் பதிலாக அனுப்புவார்கள். அவர் நிரப்பினால் அது நகரின் 311 புகார் அமைப்புக்குள் நேராகப் போய், மற்ற எந்தப் புகாரையும் போல எண் பெற்று, ஆய்வாளரின் மேசைக்குச் சேரும். முதல் பத்து மாதங்களில் குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லும் 270 ட்வீட்டுகள் அடையாளம் காணப்பட்டன; படிவம் வழியாக 193 புகார்கள் வந்தன; 133 உணவகங்களில் ஆய்வு நடந்தது. 21 உணவகங்கள் தேறவில்லை, மேலும் 33 நிபந்தனைகளோடு தேறின. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் 2014 ஆகஸ்டில் வெளியான கணக்கு இது.

இந்த எண்களில் கவனிக்கவேண்டியது கடைசி மூன்றை. ட்வீட்டைப் பொறுக்கும் நிரலை உலகின் எந்த மூலையிலும் ஒருவர் எழுதிவிடலாம். ஆனால் அது 311-க்குள் நுழைய ஒரு வழி இருந்தது. 1999-இலிருந்து நடந்துவரும் அந்தப் புகார் எண்ணின் பின்னால் வேலைப்பங்கீடு இருந்தது. சமையலறைக்குள் நுழைந்து குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையை அளக்கச் சட்ட அதிகாரம் உள்ள ஆய்வாளர்கள் சம்பளத்தில் இருந்தார்கள். இவற்றில் எது இல்லாவிட்டாலும் 270 ட்வீட்டுகளும் ஒரு வண்ண வரைபடமாகி, நாலு மாநாடுகளில் கைதட்டல் வாங்கி முடிந்திருக்கும்.

அப்படி முடிந்தவைதான் அதிகம். வாஷிங்டன் நகர நிர்வாகம் 2008-இல் ஆப்ஸ் ஃபார் டெமாக்ரசி என்று ஒரு போட்டி நடத்தியது. நகரத்தின் தரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள், முப்பது நாளில் செயலி செய்யுங்கள், பரிசு தருகிறோம் என்றது. 47 செயலிகள் வந்தன. 50,000 டாலர் செலவில் 23 லட்சம் டாலர் மதிப்புள்ள மென்பொருள் கிடைத்ததாக நிர்வாகம் பெருமையாகக் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு உலகமெங்கும் மேற்கோளாகி, நகரம் நகரமாக இதே போட்டி நடந்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2010-இல், அதே வாஷிங்டனில் அடுத்து வந்த தொழில்நுட்பத் தலைவர் போட்டியைக் கைவிட்டார். வந்த செயலிகளில் பெரும்பாலானவை நீடிக்கவில்லை, ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் சிலரின் வசதிக்கே அவை உதவின என்பது அவர் கருத்து. தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொண்டதற்காகவே அவரைப் பாராட்டலாம். ஆனால் தோல்விக்குக் காரணம் போட்டியாளர்களின் சோம்பலும் அல்ல, திறமைக் குறைவும் அல்ல. அங்கே தரவு இருந்தது, அதாவது ஒரு பக்கம் இருந்தது. செயலி வழியாக வரும் கேள்விக்கு எந்தத் துறை பதில் சொல்லும், போட்டி முடிந்த மறுநாள் அதை யார் பார்த்துக்கொள்வார் என்பது போட்டி விதிகளில் எங்கும் இல்லை. மென்பொருளின் விலையில் அதை எழுதுவது சிறு பங்கு. ஆண்டுக்கணக்கில் பராமரிப்பதுதான் பெரும் பங்கு என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 23 லட்சம் டாலர் கணக்கு அந்தப் பெரும்பங்கை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு.

இந்த வேலைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கனமானது, இது அரசின் கடமையை இலவச உழைப்பின் தலையில் கட்டுகிறது என்பது. வரி வாங்கும் மாநகராட்சி தன் இணையதளத்தை ஒழுங்காக வைக்கட்டும். அதை ஏன் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் செவ்வாய் இரவில் செய்யவேண்டும்? நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் தன்னார்வலர்களிடம் விட்டால், அவர்களுக்குச் சுவாரசியமாக இருப்பது மட்டும்தான் நடக்கும். அமெரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் இத்தகைய தன்னார்வக் குழுக்களைப் பிரிகேட் என்ற பெயரில் தாங்கிவந்த கோட் ஃபார் அமெரிக்கா அமைப்பே 2023-இல் அந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த அமைப்பு, சம்பளம் பெறும் ஊழியர்களைக் கொண்டு, கலிபோர்னியா மாநிலத்தின் உணவு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிப்பதை எளிதாக்குவது போன்ற பெரிய வேலைகளுக்குத் திரும்பியிருந்தது. கைவிடப்பட்ட குழுக்களில் சில தங்களுக்குள் புதிய கூட்டமைப்பை அமைத்துக்கொண்டன, சில கலைந்தன. தன்னார்வம் மட்டும் நீண்ட தூரம் ஓடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்த வாதம் ஒன்றைக் காணத் தவறுகிறது. மாநகராட்சி தன் தளத்தைத் தானே ஒழுங்காகச் செய்யவேண்டும் என்றால், ஒழுங்கு எது என்று அதற்குத் தெரியவேண்டும். வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டிய பக்கத்தை மாநகராட்சி வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்யவில்லை. அதிகாரியின் இருக்கையிலிருந்து பார்த்தால் அதுதான் முழுமையான விடை. வெளியிலிருந்து ஒருவர் வந்து வேறு கேள்வியைக் கேட்டு, அதற்கு விடை சொல்ல முடியும் என்று செய்தும் காட்டிய பிறகுதான் அது குறை என்று தெரிகிறது. எனவே தன்னார்வலர் செய்யும் கருவியை முடிந்த பொருளாகப் பார்ப்பதைவிட, ஓடிக் காட்டப்பட்ட ஒரு கோரிக்கை மனுவாகப் பார்ப்பது சரியாக இருக்கும். மனு ஏற்கப்பட்டால் வேலை அலுவலகத்துக்கோ, நிதியும் ஊழியர்களும் உள்ள ஓர் அமைப்புக்கோ போய்விட வேண்டும். உணவு உதவிக்குத் தகுதி உண்டா என்று குறுஞ்செய்தி வழியாகவே சொல்லும் எம்ரிலீஃப் 2014-இல் சிகாகோவில் சிறிய முயற்சியாகத் தொடங்கி, பின்னர் சம்பள ஊழியர்களைக் கொண்ட இலாப நோக்கற்ற நிறுவனமாக வளர்ந்தது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 2014 மேயர் தேர்தலின்போது, எந்த வேட்பாளருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று காட்டும் ஓப்பன் டிஸ்க்ளோஷர் தளத்தை ஓப்பன் ஓக்லண்ட் தன்னார்வலர்கள் தனியாகச் செய்யவில்லை. நகரத்தின் பொது நெறிமுறை ஆணையத்தோடு சேர்ந்து செய்தார்கள். நன்கொடைக் கணக்கை வாங்கவும், தராவிட்டால் நடவடிக்கை எடுக்கவும் அந்த ஆணையத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. வேட்பாளர் கணக்குத் தராமல் தட்டிக்கழித்தால் தன்னார்வலரால் என்ன செய்துவிட முடியும்?

இரண்டாவது வாதம் ஏற்றத்தாழ்வைப் பற்றியது. பாஸ்டன் நகரம் 2012-இல் ஸ்ட்ரீட் பம்ப் என்ற செயலியை வெளியிட்டது. காரில் போகிறவரின் தொலைபேசி குலுங்கும் விதத்தை வைத்துச் சாலையில் குழி எங்கே என்று தானாகவே கண்டுபிடிக்கும். கேட்க அற்புதமாக இருந்தது. காரும் ஸ்மார்ட்போனும் அதிகமாக உள்ள வசதியான பகுதிகளின் குழிகள் வரைபடத்தில் நிறைய விழும், முதியவர்களும் ஏழைகளும் வாழும் பகுதிகளின் குழிகள் விழாது, வரைபடத்தைப் பார்த்துத் தார் போட்டால் இருப்பவனுக்கே மேலும் போய்ச் சேரும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். எச்சரிக்கை முற்றிலும் சரி. புகார் கொடுப்பவரின் கையிலிருந்து தகவல் வரும் எல்லாக் கருவிக்கும் இந்த நோய் உண்டு. நம் அனுபவத்திலும் உண்டு. 2015 வெள்ளத்தின்போது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல், நீர் புகுந்த தெருவைத் தொட்டுக் குறிக்கும் வசதியைச் சென்னைக்காகத் தன்னார்வலர்கள் விரைவாகச் செய்து கொடுத்தார்கள். எந்தப் பாதையில் போகலாம் என்று தேடியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் அறுந்த பகுதிகளில் மாடியில் நின்றவர்கள் அந்த வரைபடத்தில் எதையும் குறித்திருக்க முடியாது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட தெரு வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்திருக்கும் வாய்ப்பு இருந்தது.

ஆனால் இந்த வாதம் எல்லாக் கருவிகளையும் ஒரே தட்டில் வைக்கிறது. மக்கள் அனுப்பும் தகவலில் நிற்கும் கருவி வேறு, அலுவலகத்தின் சொந்தப் பதிவேட்டில் நிற்கும் கருவி வேறு. பனி வண்டியின் ஜிபிஎஸ், தெருவில் வாழ்பவர் பணக்காரரா ஏழையா என்று பார்ப்பதில்லை. யாரும் புகார் செய்யாத தெருவும் அந்த வரைபடத்தில் இருக்கும். வண்டி வராத தெரு கோடில்லாமல் தனித்துத் தெரியும். சொல்லப்போனால், புகார் செய்யத் தெரியாதவர்களின் தெருவுக்கு என்ன நடந்தது என்று காட்ட இதைவிட்டால் வேறு வழி இல்லை. ஆகவே ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கவலைப்படுபவர் கருவிகளை வேண்டாம் என்று சொல்லாமல், எந்தப் பதிவேட்டின் மேல் கட்டப்பட்ட கருவி என்று கேட்பதே பொருத்தம். புகார்ச் செயலிகள் பெருகுவதும், அலுவலகத்தின் செலவுக் கணக்கும் வேலைப் பதிவும் பூட்டியே இருப்பதும் ஒன்றாக நடப்பதை நாம் பார்க்கிறோம். புகார்ச் செயலி குடிமக்களிடமிருந்து தகவலை வாங்குகிறது. தன்னைப் பற்றி எதையும் சொல்லவேண்டிய கட்டாயம் அதில் அலுவலகத்துக்கு இல்லை. அதனால்தான் அது எந்த நிர்வாகத்துக்கும் பிடித்திருக்கிறதோ என்னவோ.

பதிவேட்டிலேயே தவறு இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். தவறான தகவலை அரசு வெளியிட்டு மக்களைக் குழப்பலாமா, முதலில் சரிபார்த்துவிட்டு வெளியிடலாமே என்பது எந்த நாட்டிலும் அதிகாரிகள் சொல்லும் முதல் தடை. இதற்குத் தைவான் 2020 பிப்ரவரியில் நல்ல விடை கொடுத்தது. கொரோனா பரவத் தொடங்கியதும் முகக்கவசத்துக்கு நெருக்கடி வந்தது. தைனான் நகரத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், எந்தக் கடையில் கவசம் கிடைக்கும் என்று மக்களே குறிக்கும் வரைபடத்தைச் செய்தார். மக்கள் மொய்த்த வேகத்தில், வரைபடச் சேவைக்கு அவர் கட்டவேண்டிய தொகை ஆயிரக்கணக்கான டாலராக ஏறிவிட்டது. பிப்ரவரி 6-ஆம் தேதி அரசு பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. தேசிய மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் மருந்தகத்தில் வாரத்துக்கு இரண்டு கவசம். அப்போது டிஜிட்டல் விவகாரங்களைக் கவனித்த அமைச்சரான ஆட்ரி டாங், கவ் ஜீரோ என்ற தன்னார்வ நிரலாளர் இயக்கத்திலிருந்து வந்தவர். மருந்தகங்களின் கையிருப்புத் தகவல் இடைவிடாமல் புதுப்பிக்கப்பட்டு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. வரைபடம், அரட்டைச் செயலி, பார்வையற்றோருக்கான குரல்வழிச் சேவை என நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைத் தன்னார்வலர்கள் அதன்மேல் கட்டினார்கள். உடனே தவறும் வெளிப்பட்டது. பல மருந்தகங்கள் காலையில் வரிசையில் நிற்பவர்களுக்கு எண் சீட்டைக் கொடுத்துவிட்டு மாலையில் கவசம் தந்தன. வரைபடம் கையிருப்பு உண்டு என்று காட்டும்; நேரில் போனவருக்கு இல்லை என்ற பதில் கிடைக்கும். மருந்தகக்காரர்கள் கோபப்பட்டார்கள், முறையிட்டார்கள், அமைப்பு திருத்தப்பட்டது. அந்தத் தகவலைப் பூட்டிவைத்துச் சரிபார்த்திருந்தால் இந்தத் தவறு தெரிந்தே இருக்காது, ஏனென்றால் எண் சீட்டு அலுவலகத்தில் நடக்கவில்லை, கடை வாசலில் நடந்தது. பதிவேட்டைச் சரிபார்க்க மலிவான வழி, அதைப் பயன்படுத்துகிறவர்கள் கையில் கொடுப்பதுதான்.

பக்கத்து மாநிலத்தில் நாம் கண்டதும் இதையே சொல்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் தன்னார்வ நிரலாளர்கள் மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தோடு சேர்ந்து கேரளா ரெஸ்க்யூ தளத்தைச் சில நாட்களில் எழுப்பினார்கள். மாட்டிக்கொண்டவர் அல்லது அவரது உறவினர் இடத்தையும் எண்ணையும் பதிவு செய்வார். ஒரே கோரிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றிச்சுற்றிப் பலமுறை வந்ததால், மீட்கப்பட்டவரைத் தேடி மறுபடியும் படகு போகும் ஆபத்து இருந்தது. எனவே வேறொரு தன்னார்வலர் கூட்டம் ஒவ்வொரு எண்ணையும் அழைத்துச் சரிபார்த்தது. சரிபார்த்தவை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளுக்குப் போயின. நிரல் எழுதியவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. ஆனால் அந்தத் தளத்தை மீட்புப் பணியாக மாற்றியவர்கள், தொலைபேசியில் உட்கார்ந்தவர்களும், கட்டுப்பாட்டு அறையில் பட்டியலை வாங்கிப் படகுக்குச் சொன்னவர்களும்தான். சென்னையின் 2015 வரைபடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. சென்னைக் கருவி வழி தேடியவர்களுக்குத் தகவல் சொன்னது. கேரளக் கருவி ஒரு கோரிக்கையைக் கடமைப்பட்ட ஒருவரின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பேரிடர் வரும்போது அரசும் தன்னார்வலரும் தாமாகவே நெருங்கிவிடுகிறார்கள். சாதாரண நாட்களில்தான் அது கடினம், சாதாரண நாட்களின் வேலையில்தான் பயனும் அதிகம். ஒரு நகரத்தில் பருவமழைக்கு முன்னால் மழைநீர் வடிகால்கள் தூர்வாரப்படுகின்றன. எந்தத் தெருவில், எந்தத் தேதியில், எத்தனை மீட்டர் தூர்வாரினார்கள் என்ற பதிவு எங்கோ இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் ஒப்பந்ததாரருக்கு அதை வைத்துத்தான் பணம் கொடுக்க முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த 2005-லேயே அதன் 4-ஆம் பிரிவு, ஆவணங்களைக் கணினிமயமாக்கவும், யாரும் மனுப் போடாமலே முடிந்தவரை தாமாக வெளியிடவும் பொது அலுவலகங்களுக்குச் சொல்லிவிட்டது. நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்களுக்கு நம் ஊர்களில் பஞ்சமே இல்லை. தூர்வாரிய பட்டியல் தெருப் பெயரோடு எக்செல் கோப்பாக வந்தால், அதை வரைபடத்தில் ஏற்ற ஒரு கல்லூரி மாணவருக்கு ஒரு வாரம் போதும். பட்டியலில் இருந்தும் தண்ணீர் தேங்கிய தெருவைப் பற்றி எந்த உதவிப் பொறியாளர், எத்தனை நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் என்பதை மட்டும் எந்த மாணவராலும் நிரலாக எழுத முடியாது. அதை மாநகராட்சி ஓர் ஆணையாகப் போடவேண்டும்.